நிலமும் கடனும்

"நிலம் எங்கும் ஓடிப்போகாது" என்பது நம் நாட்டுப்புறத்தில் வழங்கும் பேச்சு. பொன் களவு போகலாம், கைப்பணம் செலவாகலாம், வாணிகம் நொடித்துப் போகலாம், நிலம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். இந்த நம்பிக்கையினால், கையில் நான்கு காசு சேர்ந்தவுடன் ஒரு துண்டு நிலமோ ஒரு வீட்டு மனையோ வாங்கவேண்டும் என்று எண்ணாத குடும்பம் தமிழ்நாட்டில் அரிது. இந்த நம்பிக்கை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், நிலம் ஓடிப்போகாவிட்டாலும் நிலத்தின் உடைமை கைமாறிப் போவது உண்டு. அவ்வாறு கைமாறிய நிலங்களின் கதையைத் துருவிப் பார்த்தால், மண்ணின் குற்றத்தைவிட, அந்த மண்ணின் மேல் வாங்கிய கடனின் குற்றமே பெரிதாகத் தெரியும். நிலத்தில் முதல் போடுகிறவன் எந்த இடரை ஏற்கிறான், எத்தகைய கடனை நம்புகிறான் என்பதை நம் வரலாற்றிலிருந்து ஆராய்ந்து பார்ப்பது பயன் தரும். ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் நடுவாக வைத்துக்கொண்டு இந்த ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

இவ்விரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மலையை ஒட்டிய பகுதியில் கண்மாய்ப் பாசனத்தால் நெல் விளையும். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உண்டு. கிழக்கே சாத்தூர்ப் பக்கம் செல்லச் செல்லக் கரிசல் மண்ணில் பருத்தி விளையும். 1910-ஆம் ஆண்டு வரையில் இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்துடன் இணைந்தது; 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயிற்று. மாவட்டத் தலைநகர் விருதுநகரே ஆயினும், மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைக் காண வருவோர் ஒரு சாரார். நிலவழக்குக் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவோர் மற்றொரு சாரார். 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இருப்புப்பாதை அமைந்தபோது இவ்விரு ஊர்களும் அதன்மேல் அமைந்தன. நீர், விளைபொருளின் விலை, போக்குவரத்து ஆகிய மூன்றுமே நிலத்தின் மதிப்பை அமைப்பவை. மழை பொய்த்தாலோ, தொலைதூரச் சந்தையில் விலை விழுந்தாலோ, உழுகிறவன் ஒரு தவறும் செய்யாமலே அவனுடைய நிலத்தின் மதிப்புக் குறைந்துவிடும்.

நிலத்தை ஈடாக வைத்துப் பொருள் பெறுவது நம் நாட்டில் புதிய வழக்கம் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் வைக்கப்பட்ட முதலை ஊர்ச் சபைகள் வட்டிக்குப் பெற்றுச் சென்றதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பிற்காலத்தில் தனி மனிதருக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் பல முறைகள் வழங்கின. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அவற்றை வகைப்படுத்தி வரையறுத்தது. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒத்தி. போக்கியம் என்றும் இதனைக் கூறுவர். கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் அனுபவத்தில் எடுத்துக்கொள்வார். விளைவதே அவருக்கு வட்டி. ஓர் ஆண்டு மழை பொய்த்து ஒன்றும் விளையாவிட்டால் அந்த நட்டம் அவரையே சேரும். கடன் வாங்கியவர் விளைச்சலை இழந்தாலும், அவருடைய கடன் ஒரு காசும் வளராது. இரண்டாவது, சாதாரண அடமானம். நிலம் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும். அவர் உழுது பயிரிட்டு வட்டி செலுத்த வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் வட்டி ஏறும். மூன்றாவது, நிபந்தனைக் கிரயம். குறித்த நாளில் பணம் திரும்பாவிட்டால் விற்பனை நிலைபெறும் என்று எழுதிக்கொடுப்பது. ஒரே நிலம், ஒரே தொகை, ஒரே மழை. ஆனால் மழை பொய்க்கும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது என்பது, எழுதிய பத்திரத்தைப் பொறுத்து மாறுகிறது. இன்று நான் சொல்ல விரும்பும் கருத்து முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கும்.

சட்டம் கடனாளிக்கு ஓர் அரணும் தந்தது. கடனைச் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமையைப் பறிக்கும் நிபந்தனை எதுவும் அடமானப் பத்திரத்தில் செல்லாது என்பது நீதிமன்றங்கள் நிலைநிறுத்திய கொள்கை. நிலத்தை மீட்பதற்கு 1908-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 60 ஆண்டுகள் தந்திருந்தது. 1963-ஆம் ஆண்டின் சட்டம் அதனை 30 ஆண்டுகளாகக் குறைத்தது. பாட்டன் வைத்த ஒத்தியைப் பேரன் மீட்கவந்த வழக்குகள் எழுந்ததற்குக் காரணம் இதுவே.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் உழவர் கடன் பெரும் பிரச்சினையாக வளர்ந்தது. சென்னை அரசாங்கம் 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை இதனை ஆராயுமாறு பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் வேளாண் வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய அறிக்கைகளை அளித்தார். சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை அவர் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரெய்பெய்சன் என்பவர் தொடங்கிய கிராமக் கூட்டுறவுச் சங்கங்களே நம் நாட்டுக்கு ஏற்றவை என்பது அவருடைய முடிவு. தனித்தனியே நின்றால் எவரும் நம்பிக் கடன் கொடாத சிறு உழவர்கள், ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் குறைந்த வட்டிக்குப் பணம் பெறலாம் என்பதே அதன் அடிப்படை. 1904-இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரை அடுத்த திரூரில் அவ்வாண்டிலேயே ஒரு சங்கம் தோன்றியது.

நாணயச் சங்கங்கள் விதைக்கும் உரத்துக்கும் பயன்பட்டன. ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளில் திருப்ப வேண்டிய கடனைக் கொண்டு நிலம் வாங்கினாலோ பழைய அடமானத்தை மீட்டாலோ என்ன ஆகும்? நிலம் ஆண்டுக்குச் சிறிது சிறிதாகவே பயன் தருவது. அதன் விலையை ஈட்டப் பல ஆண்டுகள் வேண்டும். குறுகிய காலக் கடனைக் கொண்டு நெடுங்காலச் சொத்தை வாங்குபவன், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் தேடி ஓடவேண்டியவன் ஆவான். புதுக் கடன் கிடைக்காத ஆண்டு ஒன்று வந்தால், அவன் வீழ்ந்தான்.

அத்தகைய ஆண்டு 1929-இல் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் நெல், பருத்தி விலைகள் உயர்ந்திருந்தமையால் நிலத்தின் விலையும் உயர்ந்திருந்தது. கடனுக்கு வாங்கியாவது நிலத்தைச் சேர்த்தவர் பலர். அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகெங்கும் பரவியபோது, அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. பருத்தி விலையும் சரிந்தது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஓர் உழவர் 2,000 ரூபாய்க்கு நிலம் வாங்குகிறார். 800 ரூபாய் சொந்தப் பணம். 1,200 ரூபாய் 12 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய கடன். நிலத்திலிருந்து செலவு போக ஆண்டுக்கு 160 ரூபாய் வருகிறது. வட்டி 144 ரூபாய். மிச்சம் 16 ரூபாய். நிலம் தருவது நூற்றுக்கு எட்டு, கடன் கேட்பது நூற்றுக்குப் பன்னிரண்டு என்பதை அவர் அறிவார். அறிந்தும் வாங்கியது ஏன்? நாளை நிலத்தின் விலை ஏறும், அந்த ஏற்றம் இந்த இடைவெளியை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பே காரணம். இப்போது விலைகள் பாதியாகின்றன. வருவாய் 80 ரூபாய். வட்டியோ அதே 144 ரூபாய். ஆண்டுதோறும் 64 ரூபாய் துண்டு விழுகிறது. நிலத்தை விற்கலாம் என்றால் 1,000 ரூபாய்தான் கிடைக்கும். கடன் 1,200 ரூபாய். அவருடைய 800 ரூபாயும் போய், மேலும் 200 ரூபாய் கடன் நிற்கும். அவருடைய அண்டை வீட்டுக்காரர் கடன் வாங்காமல் கையிலிருந்த 800 ரூபாய்க்கு மட்டும் நிலம் வாங்கியிருந்தால், அவருடைய நிலமும் 400 ரூபாய் மதிப்புக்கு இறங்கியிருக்கும். வருவாய் 64 ரூபாயிலிருந்து 32 ரூபாயாகக் குறைந்திருக்கும். அவருக்கும் நட்டமே. ஆனால் நிலம் அவருடையது. நல்ல காலம் வரும்வரை அவர் காத்திருக்கலாம். கடனாளி காத்திருக்க முடியாது.

இக்கணக்கு கற்பனை, ஆனால் மாகாணத்தின் மொத்தக் கணக்கு அதனையே காட்டியது. 1930-இல் மாகாண வங்கி விசாரணைக் குழு கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை அதனை 200 கோடி என்றது. விளைபொருளின் விலை பாதியாகிய நிலையில் கடன் மட்டும் வளர்ந்திருந்தது.

அப்படியானால் கடன் கொடுத்தவர்களாவது நலமாக இருந்தார்களா? இதற்கு விடை காண, அந்நாளில் இதே இராமநாதபுரம் மாவட்டத்தின் வடபகுதியாக இருந்த செட்டிநாட்டை நோக்க வேண்டும். காரைக்குடி முதலிய ஊர்களின் நகரத்தார், பர்மாவின் தென்பகுதியில் நெல் பயிரிட்டோருக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தனர். நிலமே ஈடு. அவர்கள் விரும்பியது வட்டியோடு திரும்பும் பணத்தை. மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடனாளிகளால் பணம் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலமே கைக்கு வந்தது. 1930-இல் தென் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது 25 விழுக்காடாயிற்று. கணக்கேட்டில் அவர்கள் பெருநிலக்காரர்கள். நடைமுறையில், விற்க முடியாத நிலத்தில் பணம் முடங்கியவர்கள். பர்மிய மக்களின் மனக்கசப்பும் அவர்கள்மேல் திரும்பியது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. கடன் கொடுப்பவருக்கும் ஈடு மட்டும் பாதுகாப்பாகாது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. எல்லாக் கடனாளிகளும் ஒரே வேளையில் இடருறும்போது, எல்லா ஈடுகளின் விலையும் ஒரே வேளையில் விழுகிறது.

இந்நிலைக்கு அக்காலத்தவர் மூன்று வழிகள் கண்டனர். முதல் வழி, கடனின் காலத்தை நிலத்தின் இயல்புக்கு ஏற்ப நீட்டுவது. 1929 டிசம்பரில் சென்னையில் மத்திய நில அடமான வங்கி நிறுவப்பெற்றது. இது அரசாங்கத்தின் உத்தரவாதத்துடன் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பொதுமக்களிடம் பணம் திரட்டும். ஊர்தோறும் அமைந்த சிறு நில அடமான வங்கிகள் வழியாக உழவருக்கு வழங்கும். உழவர் இருபது ஆண்டு போன்ற நீண்ட காலத்தில், முதலும் வட்டியும் சேர்ந்த சமமான தவணைகளாகச் செலுத்தலாம். நிலத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் கொடுப்பதில்லை என்பது பொது விதி. நம் கற்பனைக் கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 2,000 ரூபாய் நிலத்துக்கு 1,000 ரூபாய் மட்டுமே கடன் என்றிருந்தால், விலை பாதியானாலும் நிலமும் கடனும் சமமாக நிற்கும்.

இரண்டாவது வழி, சட்டத்தால் சுமையைக் குறைப்பது. சி. இராஜகோபாலாச்சாரியாரின் தலைமையில் 1937-இல் பதவியேற்ற அமைச்சரவை, 1938-இல் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபர் 1-ஆம் நாளுக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரு மடங்கு முன்னரே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டிக்கு வட்டி ஏறி அழுந்திய குடும்பங்களுக்கு இது மறுவாழ்வு. ஆனால் கடன் கொடுத்தவருக்கு அது எதிர்பாராத இழப்பு. பின்னர்க் கடன் கொடுக்க அவர் தயங்குவதும் இயல்பே. ஒருவருடைய சுமையை இறக்கும்போது அது மற்றொருவர் தோளில் ஏறுகிறது.

மூன்றாவது வழியை இராஜபாளையம் காட்டியது. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலையை நிறுவினார். அது பலரும் பங்கு கொள்ளத்தக்க கூட்டுப் பங்கு நிறுவனம். பங்குதாரர் ஒருவர் கொடுத்தது கடன் அன்று. ஆகவே ஆலை இலாபம் ஈட்டாத ஆண்டில் அவருக்கு வட்டி கொடுக்க வேண்டிய கட்டாயம் ஆலைக்கு இல்லை. ஆலை நொடித்தாலும், அவர் செலுத்திய பங்குத் தொகைக்கு மேல் அவருடைய வீட்டையோ நிலத்தையோ எவரும் தொட முடியாது. இவ்வாறு நட்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதும், அதற்கு ஓர் எல்லை வகுப்பதும் பங்கு முறையின் சிறப்பு. சுற்றியுள்ள கரிசல் காட்டில் பருத்தி உண்டு, இருப்புப்பாதையும் வந்துவிட்டது. அந்த ஆலையைத் தொடர்ந்து மேலும் பல நூற்பாலைகள் எழுந்து, ஊர் ஆலை நகரமாயிற்று. ஆலைகள் பெருகும் ஊரில் மனைகளின் மதிப்பு உயர்வதும் இயல்பே. தொழிலே மண்ணுக்கு விலை தந்தது என்பதை மனை வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மழையும் விலையும் தவிர, சட்டமும் உரிமையும் பற்றிய இடர்கள் உண்டு. இராஜபாளையத்தின் அண்டையில் சேத்தூர் போன்ற ஜமீன்கள் இருந்தன. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி ஜமீன்கள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியபோது, மாகாண முதல்வராக இருந்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா ஆவார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தவர் அவர். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. இச்சட்டங்கள் உழுகிறவனுக்கு நீதி வழங்க வந்தவை. அவற்றை எதிர்பாராமல் நிலத்தைக் குவித்தவர்களின் கணக்கு மட்டும் பிழைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் நகரங்களில் மற்றொரு கேள்வியும் எழும்: இது யாருடைய நிலம்? அறநிலைய ஆணையரின் இசைவின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது என்று 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கூறுகிறது. விலை மலிவு என்று வாங்கியவருக்குப் பத்திரம் மட்டுமே மிஞ்சும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1977-இல் வீட்டுக் கடனுக்கென்றே ஒரு நிதி நிறுவனம் பம்பாயில் தோன்றியது. 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கி அமைந்தது. இன்று மாதச் சம்பளக்காரரும் வீடு வாங்கக் கடன் பெறுகிறார். இது பெரும் நன்மை. ஆயினும் பழைய இடர்கள் உருமாறி நிற்கின்றன. பழைய நில அடமான வங்கி மதிப்பில் பாதி கொடுத்தது. இன்று 30 இலட்சம் ரூபாய் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 விழுக்காடு வரை வழங்க ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. விலை சிறிது இறங்கினாலும் வாங்கியவரின் சொந்தப் பணம் கரைந்துவிடும். வட்டியும் நிலையாக இருப்பதில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாயிற்று, அதனுடன் பிணைந்த வீட்டுக் கடன்களின் வட்டியும் ஏறியது. வாடகை வருவாய் வீட்டு விலையில் நூற்றுக்கு மூன்று நான்கு என்றும், கடன் வட்டி எட்டு ஒன்பது என்றும் இருக்கும்போது கடனுக்கு இரண்டாம் வீடு வாங்குபவர், 1929-க்கு முந்திய நம் உழவரின் கணக்கையே மீண்டும் போடுகிறார்.

சட்டமும் விழித்திருக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, அத்தகைய மனை வாங்கியிருந்த பலர் அதனை விற்க முடியாமல் தவித்தனர். அதே ஆண்டின் மனை வணிகச் சட்டம், கட்டிட நிறுவனம் வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டை அந்தக் கட்டிடத்துக்கான தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று விதித்தது. நன்று. ஆனால் கடனை அளவாக வாங்கும் அறிவை எந்தச் சட்டமும் தர இயலாது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலருடைய கல்லூரிக் கட்டணத்துக்கோ, தமக்கையின் திருமணத்துக்கோ, வீட்டில் உள்ள நிலப் பத்திரம் எங்கோ ஈடாக இருக்கலாம். நாளை நீங்களும் ஒரு மனை வாங்க முற்படலாம். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிலத்தின் உரிமை தெளிவானதா? வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் பார்த்தாயிற்றா? அந்தச் சொத்து ஆண்டுக்கு என்ன தரும், கடன் ஆண்டுக்கு என்ன கேட்கும்? கடனின் காலம் சொத்து பயன் தரும் காலத்தோடு பொருந்துமா? விலை பாதியானால் அந்த நட்டம் யார் தலையில் விழும்?

வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் பெரியவர்களுடன் அமர்ந்து படித்துப் பாருங்கள். அது ஒத்தியா, அடமானமா, கிரயமா என்று கேளுங்கள். எந்த ஆண்டில், எந்த வட்டிக்கு, எதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். அந்த ஒரு தாளில் உங்கள் குடும்பத்தின் வரலாறும், இந்த மாகாணத்தின் வரலாறும் சேர்ந்திருக்கக் காண்பீர்கள்.